பிறந்த திகதி

போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது வாசலில் ஒரு தாய் நின்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் மகனுடைய பிறப்புச் சான்றிதழ், சின்ன வயதில் தடுப்பூசி போட்ட கிளினிக் கொப்பி, தரம் 6 வகுப்புப் படம்.

"டீச்சர், இவனுக்குப் பதினேழு வயசு எண்டு ஒரு கடிதம் எழுதித் தர ஏலுமா?"

பையனை எனக்கு நன்றாகத் தெரியும். 2019 ஜனவரியில் என் வகுப்புக்கு வந்தவன். மூன்று மாதத்தில் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் பாடசாலையிலிருந்து நடக்கும் தூரம்தான். பாடசாலை திரும்பத் திறந்த நாட்களில் வாசலில் என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நான் கடந்து போகும்போது சில பெற்றோர் பிள்ளைகளைக் கையோடு இழுத்துக்கொண்டார்கள். இந்தத் தாய் மட்டும் "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டு என்னோடு படியேறுவார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் கடிதம் எழுத அது ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

பையன் இப்போது இங்கிலாந்தில். ஏன் போனான் என்பது அவனுடைய வழக்கு; அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எப்படிப் போனான் என்பது வெள்ளவத்தையில் எல்லோருக்கும் தெரிந்த வழி. தனியாகப் போகும் சிறுவனை விமான நிலையத்தில் மறிப்பார்கள் என்று ஏஜென்சிக்காரன் யாரோ ஒரு 22 வயதுக்காரனின் பாஸ்போர்ட்டில் இவனை ஏற்றிவிட்டான். கடைசியில் பிரான்ஸ் கரையிலிருந்து றப்பர் படகு. இறங்கிய இடத்தில் தொலைபேசியைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாஸ்போர்ட்டின் படம் அதில் இருந்தது. பையனுக்குத் தாடியும் நல்ல உயரமும். வளர்ந்தவன் என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு சொல்தான், ஆனால் அது எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 18க்குக் கீழ் என்றால் உள்ளூராட்சி சபையின் பராமரிப்பு, பள்ளிக்கூடம், பொறுப்புக்கு ஒரு ஆள். மேல் என்றால் முன்பின் தெரியாத ஆண்களோடு ஹோட்டல் அறை. அவன் இரண்டாவதில் இருக்கிறான். ஏப்ரலிலிருந்து.

பிரித்தானியாவில் இந்த வயது விஷயம் இப்போது பெரிய அரசியல். தோற்றத்தையும் நடத்தையையும் பார்த்து, 18ஐ விட நன்றாகக் கூடியவர் என்று மிக உறுதியாகத் தெரிந்தால் எல்லையில் நிற்கும் அதிகாரியே முடிவெடுக்கலாம். சந்தேகம் என்றால் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருந்து விசாரிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டம் பல்லையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுக்க வழி திறந்தது. 2025 ஜூலையில், முகத்தைப் படம் பிடித்து வயது சொல்லும் செயற்கை நுண்ணறிவை 2026இல் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் இன்னும் ஒரு படி போனார்: அகதி அந்தஸ்து இனித் தற்காலிகம், 30 மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு, நிரந்தர வதிவிடத்துக்கு 20 வருடம். அவருடைய பெயரைப் பார்த்து எங்களில் சிலர் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு எதிர்பார்ப்பு இருக்கவில்லை.

மணிக்கட்டு எக்ஸ்ரே பற்றி ஒன்று. எலும்பு வயதை ஒப்பிட்டுப் பார்க்க உலகம் முழுவதும் வைத்திருக்கும் பிரபலமான படத்தொகுப்பு 1950இல் வந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கைகள். எந்தப் பிள்ளை எந்த வேகத்தில் வளர வேண்டும் என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் உருவாக்கியது அது. யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க அல்ல. அவுஸ்திரேலியாவில் படகோட்டி வந்த இந்தோனேசியப் பையன்களை இந்த எக்ஸ்ரேயை நம்பிப் பெரியவர்களின் சிறையில் போட்டார்கள். 2012இல் அந்த நாட்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுவே அது பிழை என்று அறிக்கை எழுதியது.

சரி, எலும்பு சொல்லாததைக் காகிதம் சொல்லுமா? இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

என் தம்பி பிறந்தது 1990 செப்டெம்பர், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். "கோட்டை விழுந்த கிழமை" என்று உம்மா சொல்வார். அந்த நேரத்தில் யார் போய்ப் பிறப்பைப் பதிவது? ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். எனக்கு எட்டு வயது. உம்மாவின் கையில் நாற்பது நாள் கூட ஆகாத தம்பி. வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டோம். புத்தளம் முகாமில் விஷயம் தெரிந்த ஒருவர் வாப்பாவிடம், "யாழ்ப்பாணத்தில பிறந்தது எண்டா நிரூபிக்கச் சொல்லுவாங்க, இங்க பிறந்ததாப் போடுங்க" என்றார். அப்படியே போட்டாயிற்று. 1990 டிசெம்பர் 12, புத்தளம் மாவட்டம்.

யுத்தம் முடிந்து மீள்குடியேற்றப் பதிவுக்குத் தம்பி போனபோது ஓர் அலுவலர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி நீங்க புத்தளத்தில பிறந்தவர்தானே" என்று கேட்டாராம். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. காகிதத்தின்படி என் தம்பி விரட்டப்படவே இல்லை. விரட்டப்பட்டு ஆறு கிழமை கழித்துத்தான் பிறந்திருக்கிறான்.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். பொய்யும் இருக்கிறது. வெள்ளவத்தையில் கடிதம் வாங்குவது கொத்து வாங்குவதைப் போலத்தான், என்ன போட வேண்டும் என்று கேட்டுப் போட்டுத் தருவார்கள். இருபத்தைந்து வயதுக்காரன் பதினாறு என்று சொல்லி என் வகுப்பில் உள்ள பிள்ளைகளோடு ஒரே அறையில் தூங்குவதை நானும் விரும்ப மாட்டேன். சோதிப்பதே அநியாயம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான்கு வருடத்துக்கு முன் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஓட்டப் போட்டிக்கு ஒரு பையனின் பிறந்த மாதத்தை இரண்டு மாதம் தள்ளி எழுதியவள் நான்தான். பாடசாலைக்கு மெடல் வரும் என்றார்கள். வந்தது. இப்போது அதே கையால் உண்மையை எழுதினால் யார் நம்புவார்கள் என்று அன்றிரவு படுக்கையில் யோசித்தேன்.

போன வருடம் டிசெம்பர் ஞாபகம் இருக்கிறதா? முல்லைத்தீவுக் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு. பிள்ளைகள் பலர். முள்ளிவாய்க்கால் மீனவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். திருப்பி அனுப்பப் போவதாக அரசாங்கம் பேச, முல்லைத்தீவில் சனம் வீதிக்கு இறங்கியது. எங்கள் நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று ஒரு சட்டமும் இல்லை. வந்த பிள்ளை பதினேழா பத்தொன்பதா என்று நாங்கள் சண்டை பிடிப்பதில்லை, ஏனென்றால் ஏழு வயது என்றாலும் அரசாங்கப் பாடசாலையில் சேர அதற்கு உரிமை இல்லை. 2017இல் கல்கிசையில் 31 ரோஹிங்யா அகதிகள் இருந்த வீட்டை ஒரு கும்பல் சுற்றி வளைத்தபோது, உள்ளே இருந்த பிள்ளைகளின் வயதை அந்தக் கும்பல் கேட்கவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. லண்டனிலிருந்து வரும் எங்கள் ஆட்களின் பின்னூட்டங்கள். "நாங்க வந்த காலம் வேற, இப்ப வாறவங்கள் எல்லாம் கள்ளன்கள்." எது வேறு காலம் அண்ணே? 1985இல் பொதுநலவாய நாடுகளுக்குள் முதன்முதலாக இலங்கையருக்கு விசா போட்டதே உங்களைத் தடுக்கத்தான். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பாதே என்று உள்ளாடையோடு நின்றவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள். அடுத்த மாதமே அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து, சரியான பத்திரம் இல்லாதவரை ஏற்றி வரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்றார்கள். அன்றைக்கு அந்த நாட்டுப் பத்திரிகைகள் கள்ள அகதி என்று எழுதியது உங்களைத்தான்.

தாயிடம் நான் கேட்டேன், இவன் பிறந்தது உங்களுக்கு எப்படி ஞாபகம் என்று. தாயிடம் கேட்கக்கூடாத கேள்விதான், ஆனால் அங்கே கேட்பார்களே. அவர் சான்றிதழைக் காட்டவில்லை.

"லொட்ஜில இருந்து எங்கள ஏத்தின நேரம் டீச்சர், இவன் வயித்தில. ரெண்டு மாசம் கூட ஆகல்ல. பஸ்ஸில சத்தி எடுத்துக்கொண்டே போனன்."

2007 ஜூன் 7. மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த வடக்கு கிழக்குத் தமிழர் 376 பேரை, கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி விடியற்காலை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. சொந்த நாட்டின் தலைநகரத்தில் இருக்கக் காரணம் காட்ட முடியாத ஒரு பெண்ணின் பிள்ளை, இப்போது இன்னொரு நாட்டில் தன் வயதுக்குக் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறான். 2008 ஜனவரி 27 அவன் பிறந்த திகதி. கணக்குச் சரியாக வருகிறது.

புதன்கிழமை அதிபரைத் தேடிப் போனேன். "எங்களுக்கு ஏன் டீச்சர் இந்தத் தொல்லை" என்றார். பிறகு அவரே அலுமாரியைத் திறந்து சேர்வு இடாப்பை எடுத்துத் தந்தார். 2019ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவனுடைய பெயர், பிறந்த திகதி, சான்றிதழ் இலக்கம், தகப்பனுடைய கையெழுத்து. வெளிநாடு என்ற நினைப்பே யாருக்கும் இல்லாத காலத்தில் எழுதிய மை.

"இவனுக்கு 17 வயது" என்று நான் எழுதவில்லை. அதை அத்தாட்சிப்படுத்த நான் யார்? கண்டதை எழுதினேன். இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது. இந்த வகுப்புப் படத்தில் உயரமானவர்களைப் பின்வரிசையில் நிறுத்துவது எங்கள் வழக்கம், இவன் முன்வரிசையில் சம்மணம் கொட்டி இருக்கிறான். நீங்கள் சொல்கிறபடி இப்போது 22 என்றால் அன்று அவனுக்குப் பதினாறு. படத்தை உருப்பெருக்கிப் பாருங்கள், மேல் வேட்டைப்பல் இன்னும் முளைக்கவில்லை. பதினாறு வயதுப் பையன் ஒருவனை நான்கு மாதம் தரம் 6இல் வைத்துக்கொண்டு தெரியாமல் இருக்க, பதினேழு வருடமாகப் படிப்பிக்கும் எனக்கு ஏலாது. இதுதான் கடிதம்.

என்னுடைய அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்து அனுப்பச் சொன்னார்களாம், கடிதம் எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று பார்க்க. அனுப்பினேன்.

நேற்று இரவு தாய் தொலைபேசி எடுத்தார். சட்டத்தரணிக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. ஆனால் வழக்குகள் நிறையக் கிடக்கின்றனவாம், தவணை எப்போது என்று சொல்ல முடியாதாம். ஜனவரி 27 வந்துவிட்டால் அவன் உண்மையாகவே வளர்ந்தவன். அதற்குப் பிறகு பதினேழு என்று நிரூபித்தாலும் பள்ளிக்கூடமும் இல்லை, பராமரிப்பும் அனேகமாக இல்லை.

"பிறந்தநாளுக்கு முதல் கூப்பிட்டாச் சரி டீச்சர்" என்றார்.

இன்றைக்கு டிசெம்பர் 21. இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது.