அழிக்கும் முன் ஒரு நிமிடம்



கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் செயலி திடீரென்று உறைந்து நின்றுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? விரலால் தட்டிப் பார்ப்பீர்கள். அசையாது. இன்னும் பலமாகத் தட்டுவீர்கள். அப்போதும் அசையாது. பிறகு வீட்டில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிடுவீர்கள். பிள்ளையோ ஒரே பார்வையில், "இதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரிவரும்" என்று சொல்லிவிடும். அந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன். தொலைபேசி திருத்துவது என் தொழிலல்ல. ஆனால் இந்த விடயத்தில் ஒரு பெரிய தவறைச் செய்து, அதன் வேதனையை அனுபவித்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

என்னுடைய வாப்பா 2018 இல் மௌத்தானார்கள். அதற்கு முன் மூன்று மாதங்கள் கொழும்பில் தங்கி வைத்தியம் செய்து கொண்டார்கள். உம்மா யாழ்ப்பாணத்தில் எங்களோடு இருந்தார். வாப்பாவுக்கு எழுத்துகளைத் தேடித் தட்டுவதற்குப் பொறுமை இல்லை. அதனால் தினமும் குரலாகவே பேசி அனுப்புவார்கள். "மருந்து குடிச்சீங்களா? கேற்றைப் பூட்டினீங்களா? சின்னவன் ஓதப் போனானா?" இவ்வளவுதான். வாப்பா போன பிறகு, ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா அந்தக் குரல்களில் ஒன்றையாவது கேட்காமல் எழும்ப மாட்டார்.

அடுத்த வருடம் உம்மாவின் தொலைபேசி உறைந்தது. நான் பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். ஒன்றையும் யோசிக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய், தொலைபேசியை வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டு வந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அது புத்தம் புதிதாக வேலை செய்தது. பெருமையோடு உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

அன்று அஸருக்குப் பிறகு உம்மா கேட்டார்: "என்ன மகன், வாப்பாட குரலைக் காணலியே?"

எங்கும் சேமித்து வைத்திருக்கவில்லை. வேறு எவருக்கும் அனுப்பியும் இருக்கவில்லை. உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "சரி மகன், தெரிஞ்சா செய்தீங்க?" என்றுதான் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி இணுவிலுக்கு வருகிறேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவிலைத் தாண்டி இணுவில் வரும். செம்மண் பூமி. புகையிலையும் வெங்காயமும் விளையும் ஊர். தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியைத் தந்த ஊர் என்று இசை தெரிந்தவர்கள் சொல்வார்கள். அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென்று 1898 இல் தொடங்கிய மக்லியோட் ஆஸ்பத்திரியும் அங்கேதான். ஊர் முழுவதும் சைவப் பெருமக்கள். அங்கே ஒரு மௌலவிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

வாப்பா வெங்காய வியாபாரி. இணுவில் தோட்டக்காரர் ஒருவரிடம் வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புவார்கள். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றியபோது, அந்தத் தோட்டக்காரருக்கு வாப்பா கொடுக்க வேண்டிய வெங்காயக் காசு பாக்கி இருந்தது. நாலாயிரத்து முந்நூறு ரூபாய். எனக்கு அப்போது பத்து வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்திலும் அந்தக் கடனை வாப்பா அடிக்கடி நினைவுபடுத்துவார்கள். 2002 இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் போனது எங்கள் பழைய வீட்டுக்கு அல்ல, இணுவிலுக்குத்தான். ஐயா காசை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வாப்பாவைக் கட்டிப்பிடித்தார். அன்றிலிருந்து அந்த வீடு எங்களுக்கு உறவு வீடு.

ஐயா இப்போது இல்லை. ஆச்சி தனியாக இருக்கிறார். மகனும் மகளும் கனடாவில். கடந்த வருடம் ஒரு நாள் காலையில் அயல் வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஆச்சி எனக்கு எடுத்தார். "தம்பி, போன் செத்துப் போச்சு. மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற நாள். எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை." உடனே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

நான் போனபோது அயல் வீட்டுத் தம்பி தொலைபேசியைக் கையில் வைத்திருந்தான். நல்ல பிள்ளை. உதவி செய்யத்தான் வந்திருந்தான். "மௌலவி, அப்பை அழிச்சிட்டுத் திருப்பிப் போட்டாச் சரி" என்றான். ஆச்சியோ தொலைபேசியை அவனிடம் விட மனமில்லாமல், வாங்கவும் துணிவில்லாமல் நின்றார்.

"அவரின்ரை குரல் உதுக்குள்ளதான் கிடக்குது, தம்பி" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

விடயம் இதுதான். ஐயா மௌத்தாவதற்கு முந்திய வருடம் கனடாவில் மகனோடு ஆறு மாதம் இருந்திருக்கிறார். அங்கிருந்து ஆச்சிக்கு அனுப்பிய குரல்கள் அந்தச் செயலிக்குள் இருந்தன. எனக்கு நெஞ்சு திக்கென்றது. தொலைபேசியை வாங்கிக் கதிரையில் அமர்ந்தேன்.

சகோதரிகளே, அன்று நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

முதலாவதாகத் தொலைபேசியைத் தொடவேயில்லை. ஆச்சியின் கலண்டரில் மகளின் இலக்கம் எழுதியிருந்தது. என்னுடைய தொலைபேசியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மருமகன் கதைத்தார். இன்னும் பிள்ளை பிறக்கவில்லை, தாய் சுகமாக இருக்கிறார் என்றார். ஆச்சி கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார். பாருங்கள், அவசரம் அப்படியே இறங்கிவிட்டது. செய்தி போய்ச் சேர வேறு ஒரு வழியைப் பார்த்துவிட்டால், பழுதைப் பொறுமையாகப் பார்க்க நேரம் கிடைத்துவிடும். என் உம்மாவின் விடயத்தில் எனக்கு இல்லாமல் போனது அந்தப் பொறுமைதான்.

இரண்டாவதாக, திறந்திருக்கும் செயலிகளின் வரிசையைக் காட்டச் செய்து, அந்தச் செயலியை விரலால் ஒதுக்கித் தள்ளினேன். மீண்டும் திறந்தேன். வெள்ளைத் திரை. பயனில்லை.

மூன்றாவதாக, செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலுக்குப் போய் அந்தச் செயலியைத் தொட்டால், 'போர்ஸ் ஸ்டொப்' என்று ஒரு பொத்தான் வரும். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்து என்பதே அதன் கருத்து. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதனால் ஒரு செய்திகூட அழியாது. தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவது போலத்தான். அழுத்தினேன். செயலி திறந்தது, அரை நிமிடத்தில் மறுபடியும் உறைந்தது.

நான்காவதாகத் தொலைபேசியையே நிறுத்தி மீண்டும் போட்டேன். இதனாலும் எதுவும் அழியாது. பல வீடுகளில் இந்த ஒன்றோடேயே காரியம் முடிந்துவிடும். மாதக் கணக்கில் நிறுத்தாமல் வைத்திருக்கும் தொலைபேசிக்குள் பல வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தேங்கி நிற்கும். நிறுத்திப் போட்டால் அவை கலைந்துவிடும். ஆனால் ஆச்சியின் தொலைபேசி அதற்கும் மசியவில்லை.

ஐந்தாவதாகச் சேமிப்பு இடத்தைப் பார்த்தேன். காரணம் அங்கேதான் இருந்தது. ஊசி குத்தவும் இடமில்லை. புதிதாக வரும் செய்தியை எழுதி வைக்க ஓரிடம் வேண்டுமே! இடமில்லாவிட்டால் செயலி திணறி நின்றுவிடும். நிரப்பியது எது தெரியுமா? ஒவ்வொரு காலையும் வந்த 'காலை வணக்கம்' படங்கள், முருகன் படங்கள், பாட்டிமார் வைத்தியம் சொல்லும் வீடியோக்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுத் தொலைபேசியை நிரப்புவது வெள்ளிக்கிழமைதோறும் வரும் 'ஜும்ஆ முபாரக்' படங்கள். ஊர் வேறு, படம் வேறு, பாரம் ஒன்றுதான்.

படங்கள் இருக்கும் பகுதிக்குள் போய், ஆச்சியை அருகில் வைத்து, ஒவ்வொரு வீடியோவாகக் காட்டிக் கேட்டுக் கேட்டு அழித்தேன். குரல்கள் இருக்கும் பக்கம் கையே வைக்கவில்லை. பிறகு அந்தச் செயலியின் பக்கத்தில் 'கிளியர் கேஷ்' என்பதை அழுத்தினேன். இங்கே கவனம் தேவை. அதற்கு அருகிலேயே 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்று இன்னொன்று இருக்கும். முதலாவது, செயலி தன் வசதிக்காகச் சேர்த்து வைத்த தற்காலிகக் குப்பையைத்தான் அகற்றும். இரண்டாவது, செயலிக்குள் இருக்கும் அனைத்தையும் துடைத்துவிடும். இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மீண்டும் தொலைபேசியை நிறுத்திப் போட்டேன். செயலி திறந்தது. நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு 'டிங் டிங்' என்று செய்திகள் வந்து விழத் தொடங்கின. அல்ஹம்துலில்லாஹ்! ஆச்சி இரண்டு கைகளையும் கூப்பினார்.

உறைந்திருந்த நாட்களில் வந்த செய்திகள் எங்கே போயிருந்தன என்று சிலர் கேட்பார்கள். வட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, போய்ச் சேராத செய்தியை நிறுவனத்தின் கணினிகள் 30 நாட்கள் வரை வைத்திருந்து கொடுக்கும். அனுப்பியவருக்கு அதுவரை ஒரு சரி அடையாளம் மட்டுமே தெரியும், சேர்ந்ததும் இரண்டாகும். ஆனால் சேர்ந்துவிட்ட செய்தி அந்தக் கணினிகளில் இருப்பதில்லை. அது உங்கள் தொலைபேசியில்தான் இருக்கிறது. ஆகவே நீங்களாகப் பிரதி எடுத்து வைக்காவிட்டால், அழிந்தது அழிந்ததுதான்.

இன்னுமொன்று. சில வேளைகளில் பழுது உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியில் இராது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி, எமது நேரப்படி இரவு ஒன்பது மணிக்குப் பின், பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலம் நின்றன. அந்த நிறுவனத்துக்குள் வலையமைப்பைப் பராமரிக்கும்போது ஏற்பட்ட பிழையே காரணம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்செயல்களின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் இலங்கை அரசாங்கமே சமூக ஊடகங்களைத் தடுத்து வைத்தது. அப்படியான நேரத்தில் எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் பலனில்லை. அழித்தாலோ நட்டம் மட்டுமே. முதலில் அயல் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் வேலை செய்யவில்லை என்றால் பொறுத்திருங்கள். உங்களுக்கு மட்டும்தான் என்றால் நான் சொன்ன வரிசையில் பாருங்கள்.

ஆச்சியின் வீட்டில் என் வேலை அத்தோடு முடியவில்லை. அவருடைய கூகுள் கணக்கில் பிரதி எடுக்கும்படி அமைத்தேன். வருகிற படமும் வீடியோவும் தாமாக இறங்காதபடி நிறுத்தினேன். பிறகு ஐயாவின் குரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கனடாவிலுள்ள மகனுக்கும் அனுப்பி வைத்தேன். ஒரு பொருள் இரண்டு வீட்டில் இருந்தால் ஒரு வீட்டில் தொலைந்தாலும் மறு வீட்டில் இருக்கும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஒரு விரல் போதும்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரு குரலைத் தொட்டேன். ஐயா பேசினார்.

"...பேரனுக்கு அந்தச் சோனக தெரு வெங்காயக்காரரின்ரை கதை சொன்னனான். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வந்து காசு தந்தவரெல்லே. வட்டி கேக்கேல்லையோ எண்டு கேக்கிறான், பெடியன். நான் சொன்னன், அவர் வந்ததே எனக்கு வட்டிதான் எண்டு. தோட்டத்துக்குத் தண்ணி விட்டாச்சோ?"

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

ஆச்சியின் அனுமதியோடு அந்த ஒரு குரலை என் தொலைபேசிக்கும் அனுப்பிக்கொண்டேன். அன்று அஸருக்குப் பிறகு உம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வாப்பாவின் குரல் அதில் இல்லை. ஆனால் வாப்பா இருந்தார்கள். உம்மா அதை மூன்று தரம் கேட்டார். மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தி இரவு ஆச்சியிடமிருந்து வந்தது. அவருடைய சொந்தத் தொலைபேசியிலிருந்து.

சகோதரிகளே, இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தொலைபேசியில் யாருடைய குரல் அமானிதமாக இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதை இன்றே இன்னொருவருக்கு அனுப்பி வையுங்கள். தொலைபேசி நாளைக்கு உறையலாம். அப்போது, இன்ஷா அல்லாஹ், நீங்கள் பதற வேண்டியிருக்காது.