நாற்பது வளைவுகளுக்கு அப்பால்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தூரம். ஆழியாறு அணையைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. மேலே சென்று சேர்வதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். சென்ற தை மாதத்தில் அந்த மலைப்பாதையில் பேருந்தில் ஏறிச் சென்றபோது, கோவையிலிருக்கும் என் மனைவியோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். சில வளைவுகள் ஏறுவதற்குள் அவள் குரல் அறுந்தது, மீண்டும் வந்தது, பிறகு அடியோடு நின்றுவிட்டது. அருகில் இருந்த பெரியவர், “இனிமேல் அப்படித்தான் ஐயா. டவர் இருக்கும்போது பேசிக்கொள்ள வேண்டும், இல்லாதபோது மலையைப் பார்க்க வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் உள்ளத்தில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. வால்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் தங்கை தன் கணவரோடு வாழ்கிறாள். முந்தின ஆண்டு என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, உற்றார் உறவினர் எல்லாரும் தொலைபேசியில் விசாரித்தார்கள். உடன்பிறந்தவள் மட்டும் நான்கு நாள் கழித்தே பேசினாள். “டவர் கிடைக்கவில்லை, அண்ணே” என்றாள். ஒரு வார்த்தை பேசக்கூடவா வழியில்லாமற் போகும் என்று நான் எண்ணினேன். அந்த எண்ணம் ஓராண்டுக் காலம் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

வால்பாறை, கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலம். சுற்றிலும் ஆனைமலைக் காடுகள். 1890-களில் தொடங்கிக் காடுகளை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிட்டார்கள். சமவெளியின் வறண்ட சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்களின் உழைப்பால் எழுந்தவை இந்தத் தோட்டங்கள். அவர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகள் பல, ஓடையை ஒட்டிய பள்ளங்களில் இருக்கின்றன. குடியிருப்புக்குத் தண்ணீர் அருகில் இருக்க வேண்டும் அல்லவா?

தண்ணீருக்கு ஏற்ற அந்தப் பள்ளம், கைபேசிக்கு ஏற்ற இடம் அன்று. கோபுரத்திலிருந்து புறப்படும் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு குன்று நின்றால், வெயிலுக்கு நிழல் விழுவதுபோல அலைகளுக்கும் நிழல் விழுகிறது. அந்த நிழலில் அகப்பட்ட வீட்டில் கைபேசி ஊமையாகிவிடும். சமவெளியில் ஒரு கோபுரம் பல ஊர்களுக்குப் பயன்படும். மலையிலோ ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கோபுரம் வேண்டியிருக்கும். ஆட்கள் குறைந்த இடத்தில் அவ்வளவு செலவு செய்யக் கம்பெனிகள் தயங்குகின்றன. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றுபோனால், இருக்கும் கோபுரமும் மின்கலம் தீர்ந்ததும் அடங்கிவிடும். இது வால்பாறைக்கு மட்டும் உரிய குறையன்று. இணைப்பு எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க, 26,316 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஏற்றதிலிருந்தே நாடெங்கும் உள்ள நிலையை அறியலாம்.

நான் போய்ச் சேர்ந்த மாலையில் தங்கையின் கணவர் வீட்டில் இல்லை. “மச்சான் வருகிறார்” என்று சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். இரவு எட்டு மணிப் பேருந்தில் திரும்புவார். இறங்குமிடத்திலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே அரை மைல் நடக்க வேண்டும். ஆறரை மணி அளவில் பக்கத்து வீட்டுப் பையன் மேட்டிலிருந்து ஓடிவந்தான். “அத்தை, பாதை முக்கில் யானை நிற்கிறதாம். குட்டியும் இருக்கிறதாம். மெசேஜ் வந்திருக்கிறது” என்றான்.

யானைகள் தேயிலையைத் தின்பதில்லை. எஞ்சியிருக்கும் சோலைகளுக்கிடையே தங்கள் பழைய வழியில் நடக்கின்றன. சில வேளைகளில் ரேஷன் கடை அரிசியையும் சத்துணவுக் கூடத்து அரிசியையும் நாடி வருகின்றன. இங்கு யானையால் நேர்ந்த உயிர்ச்சேதங்களுட் பல, யானை அருகில் இருப்பதை அறியாமல் இருட்டில் நடந்தவர்களுக்கு நேர்ந்தவை. ஆகவே, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் அமைப்பினர் வனத்துறையோடு சேர்ந்து, யானைகள் நிற்குமிடத்தை முன்கூட்டியே மக்களுக்கு அறிவித்து வருகிறார்கள். 2006-இல் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சி வழியாகவும், 2011 முதல் கைபேசிக் குறுஞ்செய்தி வழியாகவும் இந்த அறிவிப்பு வரத் தொடங்கியது. இப்பணிக்காக ஆனந்தகுமார் என்னும் அறிவியலாளர் 2015-இல் இங்கிலாந்தின் விட்லி விருது பெற்றார்.

செய்தி எங்களுக்கு வந்துவிட்டது. செல்ல வேண்டியவருக்குச் சென்றதா? தங்கை கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வீட்டில் டவர் இல்லை. அது கிடைக்கும் ஒரே இடம் மேட்டிலுள்ள ஒரு பாறை. “டவர் கல்” என்றே அதற்குப் பெயர். பகலில் ஐந்து நிமிட நடை. ஆனால் இருட்டிவிட்டது, யானை எப்பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? கணவரைக் காக்கப் போகிறவளை யார் காப்பது? நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்போது எதிர்க் குன்றின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்குப் பளிச்சிட்டது. “விளக்குப் போட்டுவிட்டார்கள், அண்ணே!” என்று தங்கை பெருமூச்சு விட்டாள். யானை அருகில் இருந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு அது. அதற்குள்ளும் ஒரு கைபேசி இணைப்பு உண்டு. பொறுப்பேற்ற உள்ளூர்வாசி ஒருவர் அழைத்தால் எரியும். உயரத்தில் இருப்பதால் அதற்கு அலை எட்டுகிறது. பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அதன் ஒளி எட்டுகிறது. அலை நுழையாத வீட்டுக்குள் ஒளி நுழைகிறது!

எட்டு மணிப் பேருந்தின் ஓசை தொலைவில் கேட்டது, நிற்காமலே சென்றது. தங்கையின் கணவர் வரவில்லை. விளக்கைப் பார்த்துவிட்டாரா, பாராமல் முன்னதாகவே இறங்கிவிட்டாரா? அந்த இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை.

விடிந்து, யானைகள் சோலைக்குள் போய்விட்டன என்று தெரிந்தபின், நானும் தங்கையும் டவர் கல்லுக்கு ஏறினோம். அவள் பாறைமேல் நின்று கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். சிறிது நேரத்தில் ‘டிங்’ என்று ஓர் ஓசை. இரவு 8.20-க்கு அனுப்பிய செய்தி காலை 6.40-க்கு வந்து சேர்ந்தது: “விளக்கு தெரிந்தது. இறங்கவில்லை. அடுத்த டிவிஷனில் தங்குகிறேன். பயப்படாதே.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, ஏதோ நினைவு வந்தவளாய்ச் சொன்னாள்: “அண்ணிக்கு ஆபரேஷன் நடந்த அன்று இந்தக் கல்லில்தான் இருட்டும்வரை நின்றேன், அண்ணே. நல்ல மழை. மூன்று நாளும் கரண்டு இல்லை, டவரும் இல்லை. உங்கள் நம்பரைப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே இறங்கிப் போனேன்.”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? கோவையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, “மறந்துவிட்டாள்” என்று நான் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த அதே மாலையில், அவள் நனைந்தபடி இந்தப் பாறைமேல் நின்றிருக்கிறாள்.

மலைக்கு மேல் இன்னும் கோபுரங்கள் வர வேண்டும். கைபேசி அங்கே ஆடம்பரமன்று, உயிர்க்காவல். அதைக் கேட்டுப் பெறும் உரிமை அம்மக்களுக்கு உண்டு. ஆனால் அதுவரை, சமவெளியில் வாழும் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மறுமுனையில் குரல் கேட்கவில்லையென்றால் அன்பு இல்லை என்று முடிவுகட்டாதிருப்போம். எங்கோ ஒரு பாறைமேல் யாரோ ஒருவர் நமக்காகக் கையை உயர்த்திக்கொண்டு நின்றிருக்கக்கூடும்.

இறங்கும்போது பேருந்தில் கைபேசியை எடுக்கவில்லை. பெரியவர் சொன்னபடி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.