ஸ்க்ரூ இருந்தா போதும்

சிட்லபாக்கத்தில் ஒரு அக்கா வீட்டிலேயே வீடியோ கேம் கன்ட்ரோலர்களைப் பழுது பார்க்கிறார் என்று நண்பர் சொன்னதும் கிளம்பிவிட்டேன். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. அந்த உரிமையைக் கையால் காப்பாற்றுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று அப்போதிருந்தே ஆசை.

ஏரியை ஒட்டிய தெருவில் மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. ஒரு மேசை, லென்ஸ் வைத்த விளக்கு, சால்டரிங் அயர்ன். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு இங்கே வந்து, சானடோரியம் மெப்ஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் லைனில் சேர்ந்தவர். ஏற்றுமதிக்கென்று 1984இல் உருவான அந்த வளாகத்தில் வேலை பழகிய பெண்கள் தாம்பரத்தைச் சுற்றி ஏராளம். கம்பெனி மூடியபோது அவர்களின் கைப்பழக்கத்துக்கு யாரும் சான்றிதழ் எழுதித் தரவில்லை. பலர் துணிக்கடைக்குப் போனார்கள், சிலர் சமையல் வேலைக்கு. இவர் மகனின் கேசட் கேமில் வேலை செய்யாத ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பார்த்தார்.

"பயமே இல்ல தம்பி. லைன்ல பாக்காத போர்டா? நாலு ஸ்க்ரூ, ஒரு ரப்பர். அவ்ளோதான்."

நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் ஊரில் கேசட்டோடு விற்ற கேம்கள். அவற்றின் பட்டனுக்குக் கீழே ஒரு சிலிக்கான் ரப்பர், அதன் அடியில் கருப்பாக ஒரு கார்பன் வில்லை. போர்டில் சீப்புப் பற்கள் கோத்த மாதிரி இரண்டு தடங்கள். வில்லை அமுங்கி இரண்டையும் தொட்டால் மின்சாரம் ஓடும். இன்றைய ரெட்ரோ கன்ட்ரோலர்களில் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான். கை வியர்வையும் தூசும் நடுவில் படிந்தால் பட்டன் செத்துப்போகும். பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்தால் பிழைத்துக்கொள்ளும். பலர் பிளேடால் சுரண்டிவிட்டுக் கொண்டு வருகிறார்கள். சுரண்டினால் போவது அழுக்கு மட்டுமல்ல, கார்பனும்தான். அதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் நிஜமான வருத்தம்.

மேசையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை வயர்லெஸ். தோற்றம் பழைய காலத்துடையது, வயிற்றில் லித்தியம் பேட்டரி. பரீட்சை வந்ததும் அம்மா பிடுங்கி பீரோவில் வைப்பார். மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி அடியோடு இறங்கிவிடும். பிறகு பாதுகாப்புச் சர்க்யூட் அதைச் சார்ஜ் ஏற விடாது. பாதிச் சார்ஜில் எடுத்து வைத்து, அவ்வப்போது ஏற்றினால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. மாற்றுப் பேட்டரி வாங்குவதிலும் கண்டம் உண்டு. கனெக்டர் அச்சாகப் பொருந்தும், ஆனால் சிவப்பும் கருப்பும் இடம் மாறியிருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் அவர் ஒன்றைக்கூடச் செருகுவதில்லை. சார்ஜிங் போர்ட் பிய்ந்து தடமும் உரிந்து வந்திருந்த ஒன்றில், முடி போன்ற எனாமல் கம்பியை வைத்து அவர் பற்ற வைத்ததைப் பார்த்தேன். அறுந்த தடம் நான்கு. கை ஒருமுறைகூட நடுங்கவில்லை.

அனலாக் குச்சி தானாக ஒரு பக்கம் நகர்வது இன்னொரு நோய். உள்ளே கார்பன் தடத்தின் மேல் உலோகம் உரசி உரசித் தேய்வதால் வருவது. உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து இடம் அறியும் ஹால் சென்சாரை சேகா 1998லேயே ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரில் வைத்துவிட்டது. இருந்தும் தேயும் குச்சிகள்தான் நெடுங்காலம் சந்தையை ஆண்டன.

எனக்குக் கோபம் வந்தது கூலியைக் கேட்டபோது. நகரத்துக் கடைக்காரர் ஒருவர் மூட்டையாக அனுப்புவாராம். வாடிக்கையாளரிடம் எண்ணூறு ரூபாய் வாங்கிவிட்டு இவருக்கு நூற்றைம்பது. பேட்டரியும் ஈயமும் இவர் செலவு. திரும்பி வந்தால் பழியும் இவருக்கே. வேலை கடையின் பின்னறையில் நடப்பதாகவே வாடிக்கையாளர் நம்புகிறார். கண்ணைக் கொடுத்து உழைத்தவர் ரசீதில் ஓர் எழுத்தாகக்கூட இல்லை. கடைக்கு வாடகை உண்டு, விளம்பரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலா? மூடியை ஒட்டி, உதிரிபாகம் விற்காத கம்பெனியும் இந்தச் சுரண்டலில் பங்காளிதான். எதைத் திறக்க முடியாதோ அதைக் குப்பையில் போட்டுப் புதிது வாங்கத்தானே வேண்டும்! சென்செனின் எய்ட்பிட்டூ நிறுவனம் பழைய நிண்டெண்டோ கன்ட்ரோலர்களுக்குள் பொருத்த புளூடூத் போர்டு விற்றது. முப்பது வருஷக் கூடு வயர்லெஸ்ஸாக மறுபடி உழைக்கிறது. அந்தக் கூட்டை ஸ்க்ரூ போட்டு மூடியிருந்ததால்தான் அது நடந்தது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "பின்னாடி திருப்பிப் பாருங்க. ஸ்க்ரூ இருந்தா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சில மாதங்களாக அந்த மூட்டையை அவர் வாங்குவதில்லை. செம்பாக்கம், சேலையூர், குரோம்பேட்டை பிள்ளைகள் நேராகவே வருகிறார்கள். பட்டன் சுத்தம் செய்ய இருநூறு, போர்ட் மாற்ற நானூறு, பேட்டரி என்றால் அதன் விலையோடு நூற்றைம்பது. உப்பிய பேட்டரியோடு வந்தால் முதலில் அதைக் கழற்றி வாசலில் மணல் வாளியில் வைத்துவிட்டுத்தான் பேச்சு. புளூடூத் சிப் போயிருந்தால் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.