விலை போனதால் பிழைத்த வாசல்!

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நண்பன் கேட்டான்: "ஏண்டா, இங்கே பனி பெய்யுமா?"

அசட்டுக் கேள்விதான். ஆனால் பாத்தி பாத்தியாய் உப்பளம், வரப்போரம் வெள்ளைக் குவியல் என்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கொளுத்தும் வெயிலில் உப்பு வாருகிறவர்களைப் பார்த்தபோது, ஆபீஸ் ஃபேன் மெதுவாய்ச் சுற்றுகிறது என்று நான் சண்டை பிடித்தது ஞாபகம் வந்து உறுத்தியது.

வடக்கே சில கிலோமீட்டரில், கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரை. உப்பும் துணியும் நெய்யும் கப்பலேறிய துறைமுகம். நாணயச் சாலைகூட இருந்த கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். இன்று மிச்சம், சிதைந்த செங்கல் சுவர்கள்தான். "வாசல் எங்கேடா?" என்றான் நண்பன். சுவர் இல்லாத இடமெல்லாம் வாசல்தான்!

முழுசாய் ஒரு வாசலைப் பார்த்தே தீருவது என்று மறுநாள் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என பஸ் மாறித் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் வியாபாரம் நடத்திய ஊர். ராஜா வீதியின் தலைப்பில் நிற்கிறது, 1792-ல் புதுப்பித்துக் கட்டிய நகர வாசல். வெள்ளையடித்த வளைவு. மேலே டென்மார்க் அரச முத்திரை. நெப்போலியன் காலத்துச் சண்டையில் ஆங்கிலேயர் இந்த ஊரையும் பிடித்தார்கள். ஆனால் இதை இடிக்கவில்லை. 1815-ல் ஊரைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் 1845-ல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு டென்மார்க்காரர்களே ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

வாசலுக்கு வெளியே பஸ் ஹாரன், டீக்கடை. உள்ளே நடந்தால் அலைச் சத்தம்தான்.

"சண்டை போட்ட ஊர்ல வாசல் போச்சு. வித்த ஊர்ல தப்பிச்சுது. ஆனா வியாபாரம் ரெண்டு ஊரையும் விட்டுட்டுப் போயிடுச்சு பார்!" என்றான் நண்பன். மரக்காணத்தில் வாசலும் இல்லை, முத்திரையும் இல்லை. உப்பு மட்டும் இன்னும் விளைகிறது.

இவ்வளவு ஞானம் பேசியவன், அடுத்த நிமிஷம் பாக்கெட்டிலிருந்து பைக் சாவியை எடுத்தான். தன் பேரையும் அவள் பேரையும் வாசலில் கிறுக்கப் போகிறானாம்!

பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே பீரங்கி செய்ததை இங்கே சாவி செய்ய வேண்டாம், சார்!