16 கதவுகள்

பெத்தோங் பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் எனக்குப் போஸ்டிங். பிள்ளைகள் எல்லாருமே இபான்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப்போக சரவாக் கலாசாரக் கிராமத்தைச் சொன்னது நான்தான். சந்துபோங் மலையடிவாரத்தில் 17 ஏக்கர். குளத்தைச் சுற்றி ஏழு வீடுகள்: பிடாயு, இபான், பெனான், ஓராங் உலு, மெலனாவ், மலாய், சீனர். அந்தந்த உடையில் ஆட்கள் இருந்து நெய்வார்கள், சமைப்பார்கள், ஆடுவார்கள். கடப்பிதழ் மாதிரி ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். வீட்டுக்கொரு முத்திரை.

நீள வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு நீள வீட்டைக் காட்ட ஐந்து மணி நேரம் பஸ்! அங்கே போய் இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

இபான் வீட்டுப் பொதுத் திண்ணையில், அவர்கள் சொல்வதுபோல 'ருவாயில்', ஓர் அம்மா புவா கும்பு துணி நெய்துகொண்டிருந்தார். என் மாணவி ஒருத்தி நேராகப் போய், "நீங்க எந்த ருமா பாஞ்சாங்?" என்றாள். பதில் வந்ததும், "எங்க பாட்டியும் அந்த ஆத்துக்காரங்கதான்!"

அவ்வளவுதான். அந்த அம்மா தறியை விட்டு எழுந்துவிட்டார். பலகாரத் தட்டு வந்தது. பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஏணிப்படியில் கேமராவோடு நின்ற வெள்ளைக்காரர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. முத்திரை குத்தக்கூட அந்த அம்மா மறந்துவிட்டார்.

நானும் நீள வீட்டில் பிறந்தவன் என்று வகுப்பில் எப்போதோ சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டான் ஒருவன்.

"சிக்கு, உங்க வீடு எத்தன கதவு?"

அவர்களுக்குக் கதவுதான் கணக்கு. கதவுக்கு ஒரு குடும்பம். கெடாவில் எங்கள் லயத்திலும் அதே கணக்குதான்.

"16."

"இப்ப யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லடா. தோட்டத்த வித்துட்டாங்க. லயத்த இடிச்சிட்டாங்க."

கையிலிருந்த புத்தகத்தை ஏழு வீடும் முடியப் புரட்டினான். "இதுல உங்க வீடு இல்லியே, சிக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கதவு கதவாகச் சொல்லச் சொன்னான். முதல் கதவு முனியம்மா அத்தை. இரண்டாவது, பால்மரம் வெட்டும் கத்தியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் தாத்தா. மூன்றாவது நாங்கள். 11வது கதவில் சிக்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். நாலு லைட்டுக்கம்பம் கடக்கும்வரை அவரும் ஒன்றும் பேசவில்லை.

"இருய்யா, யோசிச்சிச் சொல்றேன்."