யார் யாரைக் கைவிட்டது?

குழந்தைப் புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு சொல் புழங்குகிறது: ‘சிகிச்சையைக் கைவிட்டவர்கள்.’ மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர்களை அப்படி எழுதுகிறார்கள். இந்தியாவில் குணமாகக்கூடிய ரத்தப் புற்றுநோய்க்கும் குழந்தைகளைப் பறிகொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு எரிச்சல் வருகிறது. இரண்டு முறை நாங்களே அந்தக் கணக்கில் சேர்ந்திருப்போம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வயதில் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் இதுதான். முழுச் சிகிச்சை முடிய இரண்டரை, மூன்று வருடம் ஆகும். மருந்து இலவசம்தானே என்பார்கள். உண்மைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் பிள்ளை எங்களிடம் இருந்திருக்க மாட்டாள். ஆனால் அந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகும் அண்ணியைக் கையெழுத்துக்காக நான்கு நாள் அலையவிட்டார்கள். நான்கு நாள் கூலி போனது. ஐந்தாம் நாள் கட்சித் தோழர் ஒருவர் கூடப் போனார், பத்து நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது.

முதல் மாதம் ஸ்டீராய்டு. நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்பாள். முகம் உப்பிப்போனது. “புள்ள நல்லாத்தான இருக்கு, எதுக்கு சென்னைக்கு அலையிறீங்க” என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை தேடினோம். ஒரு வீட்டில் சாவியைக் கையில் கொடுத்த பிறகு, “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மொட்டைத் தலையோடு இருமிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தபடியேதான் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கவிச்சி சமைக்கக் கூடாதென்றார்கள். டாக்டரோ முட்டையும் கறியும் நன்றாக வேகவைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அண்ணன் சொன்னது அன்றைக்குத்தான். பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய், தன் மாடியைக் கொடுத்தார்.

கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது நோயைவிடக் கிருமித்தொற்றுதான் முதலில் கொல்லும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், வீட்டைச் சுத்தமாக வைக்க வேண்டும், கொதித்து ஆறிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். சரியான அறிவுரை. எங்கள் காலனியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர், வாசலை ஒட்டித் திறந்த சாக்கடை. ஊர்த்தெரு வரைக்கும் தார் ரோடு உண்டு, அதற்கப்புறம் மண்பாதை. மழை இரவில் காய்ச்சல் வந்தபோது 108 வண்டி ரோட்டு முனையில் நின்றுவிட்டது. பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேரியை எங்கே வைத்தார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்கு நிமிடக் கணக்கில் புரிந்தது.

இப்போது பராமரிப்புக் கட்டம். தினமும் இரவில் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். முடி வளர்ந்துவிட்டது, ஓடி விளையாடுகிறாள். ஆபத்தான காலம் இதுதான் என்று நர்சம்மா சொன்னார். பிள்ளை தேறிவிட்டாள் என்று நம்பி, கடனுக்கும் பயந்து பலர் நிறுத்திவிடுவது இங்கேதான். அண்ணனுக்கும் அந்த எண்ணம் வந்தது. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது யாருக்குத்தான் வராது? அண்ணிதான், “மாத்திரைய நிறுத்தினா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

மாணவத் தோழர்கள் பலர் எங்களுக்கு நிதி திரட்டட்டுமா என்று கேட்டார்கள். அன்பு புரிகிறது. ஆனால் எங்களைக் காப்பாற்றியது வேறு. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமித்துவைக்க முடியாது, கொடுக்கிறவர் அந்த வாரமே வர வேண்டும். விடுதி மாணவர்கள் பதினொரு பேர் முறைவைத்து வந்தார்கள். உங்கள் விடுதியிலும் ரத்த வகையோடு ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். தாலுகா ஆபீசுக்குத் தனியாகப் போகிற ஒரு தாயோடு கூடப் போங்கள். சாவியைத் திருப்பி வாங்குகிற வீட்டுக்காரரிடம் எங்களோடு வந்து நின்று காரணம் கேளுங்கள்.

இன்னும் பதினான்கு மாதம் மாத்திரை இருக்கிறது. அடுத்த முதுகுத்தண்டு ஊசி 18ஆம் தேதி. அதிகாலை மூன்று மணி பஸ்ஸுக்கு இரண்டு பேர் கூட வருகிறார்கள்.