அணையாத சிவப்பு விளக்கு

9.11.2024, சனி

குமுளியில் தங்கச்சி வீட்டிலிருந்து காரில் மலையிறங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. மலை முழுக்க ஒரு ஜீப் பின்னாலேயே வந்தது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் தாண்டியதும் முந்திப்போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார் டிரைவர்.

“அண்ணே, உங்க பிரேக் லைட்டு மேலருந்து எரிஞ்சுக்கிட்டேதான் வருது. நீங்க எப்பப் பிரேக் அடிக்கிறீங்கன்னே தெரியல. ரெண்டு வளைவுல ஒட்டி வந்துட்டேன்.”

கோபமாகச் சொல்லவில்லை, பதறிப்போய்ச் சொன்னார். ஜீப்புக்குள் ஏலத்தோட்ட வேலை முடிந்து வரும் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பம் வந்து சேரும்வரை அந்த முகங்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

10.11.2024, ஞாயிறு

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. ராத்திரி சாவியை எடுத்துவிட்டதால் விளக்கும் அணைந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இந்த விளக்குக்குச் சாவி தேவையில்லை. பேட்டரியிலிருந்து நேராக வருகிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல்பு ஒன்று 21 வாட். இரண்டுக்கும் 42 வாட், அதாவது 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். என் பேட்டரி 35 ஆம்பியர் மணி. பத்து மணி நேரத்தில் காலி.

எதிர்வீட்டு மாமா தன் வண்டியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்ததும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டேன். “அந்த ஃபியூஸைப் பிடுங்கிப் போட்டுட்டு ஓட்டுங்க மாப்ளே” என்றார். மனசு கேட்கவில்லை. எப்போதும் எரிந்தாலும் ஆபத்து, எரியவே எரியாவிட்டாலும் ஆபத்து. பின்னால் வருகிறவருக்கு நான் நிற்கப்போவதைச் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

11.11.2024, திங்கள்

அம்மாவுக்கு க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் செக்கப். பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தேன். முழங்கால் வலியோடு படியேறியது அவள். விளக்கை நேரத்தோடு கவனித்திருந்தால் அவளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

12.11.2024, செவ்வாய்

உத்தமபாளையம் எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தொடுமுன் கேட்ட முதல் கேள்வி: “சமீபத்துல பின்னாடி பல்பு மாத்துனீங்களா சார்?” இரண்டு இழை பல்பு போகவேண்டிய ஹோல்டரில் தப்பான பல்பைச் சொருகிவிட்டால் பார்க்கிங் லைட்டின் கரண்ட் பிரேக் லைட்டுக்குப் பாய்ந்துவிடுமாம். இல்லை என்றேன். மிதியடி பெடலில் சிக்கி அதை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தார். பெடலைக் கையால் மேலே இழுத்துப் பார்த்தார். விளக்கு அணையவில்லை.

பிறகு தலைகீழாகப் படுத்து, பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்சின் சாக்கெட்டைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. “வயர்ல கோளாறு இல்ல. இங்கதான்.” கழற்றிய பிறகும் எரிந்திருந்தால் வயரைப் பின்னால்வரை தேடவேண்டியிருந்திருக்கும்.

மிதியடியிலிருந்து எதையோ பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். அப்பளம் நொறுங்கியதுபோல நாலைந்து பிளாஸ்டிக் துணுக்குகள். பெடல் தண்டில் ஒரு ஓட்டை; அதை அடைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு புஷ் இருக்கவேண்டும். காலை எடுத்ததும் பெடல் மேலே வந்து, அந்த புஷ் சுவிட்சின் ஊசியை அழுத்தும், விளக்கு அணையும். புஷ் பொடிந்துவிட்டால் ஊசி ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளும். கால் பெடலில் இருப்பதாகவே சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். பதின்மூன்று வருடச் சூடு, தேய்மானம். வேறு காரணமில்லை.

புஷ் அவரிடம் இல்லை, தேனியிலிருந்து வரவேண்டும். அதுவரைக்கும் ஓட்டையில் வாஷரோடு ஒரு போல்ட் நட்டைப் போட்டு முடுக்கிவிட்டார். அதைச் செய்யும்போது அவர் காட்டிய கவனத்தை மறக்கமாட்டேன். சுவிட்ச் அரை நூல் அதிகமாக இறங்கினாலும் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், பிரேக் பிடித்தபடியே ஓடும், மலையில் சூடேறிவிடும் என்று சொல்லி, நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தபிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

14.11.2024, வியாழன்

புது புஷ் வந்தது. நாற்பது ரூபாய். பெருவிரலால் அழுத்தியதும் ‘டப்’ என்று உட்கார்ந்தது. ராத்திரி வீட்டுச் சுவரைப் பார்க்கப் பின்பக்கத்தை நிறுத்திச் சோதித்தேன். மிதித்தால் சுவர் சிவக்கிறது, காலை எடுத்தால் இருட்டு. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

16.11.2024, சனி

கார்த்திகை ஒன்று. மாலை போட்டவர்களின் வேன்களும் கார்களும் வரத் தொடங்கிவிட்டன. வெளியூர்க்காரர்கள், இந்த வளைவுகள் பழகாதவர்கள். குமுளி போய்விட்டு இரண்டாம் கியரில் இறங்கினேன். வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொடும்போதெல்லாம் பின்னால் வந்த வேன் தானாக வேகம் குறைந்து விலகி வந்தது.

திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லாரிடமும் சொல்லவேண்டும்: இன்றைக்கு இருட்டியதும் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், இறங்கிப் பின்னால் போய் ஒரு தடவை பாருங்கள்.